மில்வாக்கி, 1993: மலமாதிரியில் எவரும் தேடச் சொல்லாத ஒட்டுண்ணி

1993 ஏப்ரல் 5, திங்கட்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கி நகரச் சுகாதாரத் துறை, மாநிலச் சுகாதாரப் பிரிவைத் தொடர்பு கொள்கிறது. மருத்துவமனை ஊழியர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டம் கூட்டமாக விடுப்பில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே தொல்லை: தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, ஒரு பகுதியினருக்குக் காய்ச்சல். என்ன நோய் என்பதற்கு எவரிடமும் விடை இல்லை. மலமாதிரி அனுப்பப்பட்ட சில ஆய்வகங்களின் அறிக்கைகள் ஏற்கெனவே வந்திருந்தன. நோயுண்டாக்கும் பாக்டீரியா எதுவும் வளரவில்லை என்றே அவை சொல்லின.

அந்த அறிக்கைகளில் பிழை எதுவும் இல்லை. இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்கே அதுதான் காரணம். ஆய்வக நோயறிதலைக் கற்கிறவர்கள் தவறாகச் செய்த சோதனைகளைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள். சரியாகச் செய்த சோதனை ஒரு நகரத்தையே எப்படி இருட்டில் நிற்க வைத்தது என்பதைப் படிப்பது அரிது.

அந்த வாரத்தில் தெரிந்தவை

மில்வாக்கிக்குக் குடிநீர் மிச்சிகன் ஏரியிலிருந்து வருகிறது. வடக்கே லின்வுட், தெற்கே ஹாவர்டு அவென்யூ என இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள். மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் தெற்கு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரின் கலங்கல் வழக்கத்தைவிட உயர்ந்தது. சாதாரணமாக 0.25 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) அளவைத் தாண்டாத அந்த நீர், மார்ச் 28, 30 ஆகிய நாள்களில் 1.7 என்டியு வரை போயிற்று. நீரில் மிதக்கும் துகள்களைத் திரட்டிப் படிய வைக்கும் படிகாரத்துக்குப் பதிலாகச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே பாலிஅலுமினியம் குளோரைடு பயன்படுத்தி வந்தார்கள். ஏரிநீரின் தன்மை சட்டென்று மாறியபோது அதன் அளவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஏப்ரல் 2 அன்று மீண்டும் படிகாரத்துக்குத் திரும்பினார்கள்.

இதற்கிடையே நீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா (மலக்கலப்பைக் காட்டிக்கொடுக்கும் வகை) இருக்கிறதா என்ற வழக்கமான சோதனையும் நடந்துகொண்டுதான் இருந்தது. அதில் எதுவும் சிக்கவில்லை. குளோரின் தன் வேலையைச் செய்திருந்தது. கோலிஃபார்ம்கள் செத்துப்போயின, குளோரினைப் பொருட்படுத்தாத ஒன்று அவற்றோடு சேர்ந்து குழாய்களில் இறங்கிவிட்டது. ஆக, நோயாளியின் மலத்திலும் பாக்டீரியா இல்லை, நகரத்தின் நீரிலும் பாக்டீரியா இல்லை என்று இரண்டு உண்மையான விடைகள் ஒரே சமயத்தில் கையில் இருந்தன. இரண்டும் பாக்டீரியாவைப் பற்றிய கேள்விகளுக்கு வந்த விடைகள்.

ஏப்ரல் 7 அன்று இரண்டு ஆய்வகங்கள், மில்வாக்கிப் பகுதியைச் சேர்ந்த ஏழு பெரியவர்களின் மலமாதிரிகளில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட்களை (மலத்தோடு வெளியேறும், தடித்த ஓடுள்ள வடிவம்) கண்டதாகத் தெரிவித்தன. அன்று மாலையே நகர மேயர் ஜான் நார்க்விஸ்ட், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு அறிவித்தார். ஏப்ரல் 9 அன்று தெற்கு நிலையம் மூடப்பட்டது.

ஏழு மாதிரிகள்! அதன் பின்னால் இருந்த உண்மையான கூட்டம் பிறகுதான் தெரிந்தது. தொலைபேசி வழியாக நடத்திய கணக்கெடுப்பில், மில்வாக்கிப் பெருநகரப் பகுதியில் பதில் கிடைத்த வீடுகளில் இருந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு அந்தக் காலத்தில் நீர்த்த வயிற்றுப்போக்கு இருந்ததாகத் தெரிந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர். எப்போதும் இருக்கும் வயிற்றுப்போக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்தப் பரவலால் நோயுற்றவர்கள் 4,03,000 பேர் என்ற மதிப்பீடு வந்தது.

மலமாதிரி மேசையில் என்ன நடக்கிறது

இனி ஆய்வகத்துக்குள் போவோம். அன்று ஒரு நோயாளியின் மலம் ஆய்வகத்துக்கு வந்தால், கூடவே வந்த படிவத்தைப் பொறுத்து அது இரண்டு வழிகளில் ஒன்றிலோ இரண்டிலுமோ பயணம் செய்தது.

முதல் வழி பாக்டீரியா வளர்ப்பு. மெக்கான்கி என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில், லாக்டோஸ் என்ற பால்சர்க்கரையைப் புளிக்க வைக்கும் சாதாரணக் குடல் பாக்டீரியாக்கள் இளஞ்சிவப்புக் குழுமங்களாக வளரும்; நோயுண்டாக்கும் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் நிறமற்றுத் தெரியும். எக்ஸ்எல்டி ஊடகத்தில் சால்மொனெல்லா நடுவில் கருமை படிந்த சிவப்புக் குழுமமாக நிற்கும். கேம்பைலோபேக்டருக்கு 42 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஆக்சிஜன் குறைந்த காற்றும் வேண்டும். அதற்கெனத் தனித் தட்டு, தனி ஜாடி. இப்படி ஒவ்வொரு தட்டும் ஒரு குறிப்பிட்ட கிருமிக்காகவே வைக்கப்படுகிறது. எந்தத் தட்டை வைக்கவில்லையோ அந்தக் கிருமியைப் பற்றி மறுநாள் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. அதே 1993 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் மூலம் ஈ.கோலி ஓ157 பரவி, 700 பேருக்கு மேல் நோயுற்று நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கிருமி மெக்கான்கி தட்டில் மற்ற எந்த ஈ.கோலியையும் போலவே இளஞ்சிவப்பாக வளரும். லாக்டோஸுக்குப் பதில் சார்பிட்டால் சேர்த்த தட்டை வைத்தால்தான் நிறமற்றுத் தனியே தெரியும். அந்தத் தட்டை வழக்கமாக வைக்காத ஆய்வகத்துக்கு அது தன் முன்னாலேயே வளர்ந்தும் தெரிந்திருக்காது.

கிரிப்டோஸ்போரிடியமோ எந்தத் தட்டிலும் வளராது. உயிருள்ள குடற்செல்லுக்குள் மட்டுமே பெருகும் ஒட்டுண்ணி அது. வளர்ப்பு அறிக்கையில் அது இடம்பெற வழியே இல்லை.

இரண்டாவது வழி ஒட்டுண்ணிச் சோதனை: மலத்தில் முட்டைகள், புழுக்கள், ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகள் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. மருத்துவர்கள் பலர் இந்தச் சோதனையை எழுதிவிட்டால் எல்லா ஒட்டுண்ணிகளும் அடங்கிவிட்டன என்று நம்பினார்கள். இன்றும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிரிப்டோஸ்போரிடியத்தின் ஊசிஸ்ட் 4 முதல் 6 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிவப்பணுவைவிடச் சிறியது. ஜியார்டியா என்ற மற்றொரு குடல் ஒட்டுண்ணியின் உறைவடிவம் 8 முதல் 12 மைக்ரான் நீளம். அதற்குள் உட்கருக்களும் இழைகளும் தெரியும், பழகிய கண் உடனே நிற்கும். ஊசிஸ்டுக்கு அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் ஈர ஸ்லைடில் தெரிவதில்லை. மலத்தில் எப்போதும் கிடக்கும் ஈஸ்ட் செல்களோடு அது கலந்துவிடும். அயோடின் சேர்த்தால் ஈஸ்ட் நிறம் ஏற்கும், ஊசிஸ்ட் ஏற்காது. ஆனால் அதைத் தேடுகிற கண்ணுக்குத்தான் அந்த வேறுபாடு பொருள் தரும். நிலையான ஸ்லைடுக்குப் பயன்படும் டிரைக்ரோம் சாயமும் அதைத் தெளிவாகக் காட்டுவதில்லை.

செறிவூட்டும் கட்டத்திலும் ஒரு கசிவு உண்டு. ஃபார்மலினும் எத்தில் அசிட்டேட்டும் சேர்த்துச் சுழற்றி அடியில் படிவதை எடுத்துப் பார்ப்பது வழக்கமான முறை. புழுமுட்டைகள் கனமானவை, மெதுவாகச் சுழற்றினாலும் இறங்கிவிடும். இந்தச் சிறிய ஊசிஸ்ட்கள் இறங்க புவியீர்ப்பைப்போல் 500 மடங்கு (500 ஜி) விசையில் பத்து நிமிடம் வேண்டும். வேகத்தையும் நேரத்தையும் குறைத்துக்கொண்ட ஆய்வகம், ஊசிஸ்ட்களை மேல்நீரோடு தொட்டியில் கொட்டிவிடுகிறது. பிறகு எவ்வளவு பொறுமையாக ஸ்லைடைப் பார்த்தாலும் பயன் இல்லை.

அதைக் கண்ணுக்குக் கொண்டுவரும் வழி 1980களின் தொடக்கத்திலேயே கைக்கு வந்திருந்தது. காசநோய்க் கிருமிக்குப் பயன்படுத்தும் ஆசிட் ஃபாஸ்ட் சாயமுறையை மென்மையாக்கிய வடிவம் அது. மலப்பூச்சை உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, கார்பால் ஃபுக்சினைச் சூடாக்காமல் ஊற்றி, செறிவு குறைந்த கந்தக அமிலத்தால் நிறம் நீக்கி, மெத்திலின் நீலமோ மாலகைட் பச்சையோ கொடுத்தால் போதும். மற்றவை எல்லாம் நீலமாகவோ பச்சையாகவோ போய்விட, ஊசிஸ்ட்கள் மட்டும் சிவப்பு உருண்டைகளாக நிற்கும். நல்ல ஸ்லைடில் உள்ளே இருக்கும் நுண்மணிகள்கூடத் தெரியும். அருகில் கிடக்கும் ஈஸ்ட் செல் சிவப்பை விட்டுவிட்டிருக்கும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எல்லா ஊசிஸ்டும் ஒரே மாதிரி சாயம் ஏற்பதில்லை. கருஞ்சிவப்பாக ஒன்றும், வெளிறிய வெற்றுக்கூடாக இன்னொன்றும் ஒரே பார்வைக்களத்தில் இருக்கும். வெளிறியதை விட்டுவிட்டால் எண்ணிக்கை குறைவான மாதிரிகள் கைநழுவும்.

அளவெடுப்பதும் முக்கியம். நுண்ணோக்கியின் கண்வில்லையில் அளவுகோல் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்வதை நான் ஏற்க மாட்டேன். சைக்ளோஸ்போரா என்ற நெருங்கிய ஒட்டுண்ணியும் இதே சாயத்தில் சிவப்பாகத்தான் தெரியும். ஆனால் அதன் அளவு 8 முதல் 10 மைக்ரான், ஏறத்தாழ இரண்டு மடங்கு. மருந்து வேறு, பரவும் வழி வேறு. 1996இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அது பரவியபோது, குவாத்தமாலாவிலிருந்து வந்த ராஸ்ப்பெரி பழங்கள் வரை போய்ச் சேர முடிந்ததற்கு, ஸ்லைடில் அளவெடுத்துப் பெயர் சொன்னவர்கள் அடித்தளம்.

ஏன் எவரும் கேட்கவில்லை

சாயமும் இருந்தது, முறையும் தெரிந்திருந்தது. அப்படியானால் மார்ச் கடைசியில் வந்த மாதிரிகளில் ஏன் பார்க்கவில்லை? மில்வாக்கி ஆய்வகங்களில் பெரும்பாலானவை, மருத்துவர் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே கிரிப்டோஸ்போரிடியம் சோதனையைச் செய்தன. கேட்டவர்கள் மிகச் சிலர்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்த ஒட்டுண்ணியை எர்னஸ்ட் டைசர் 1907இல் எலியின் வயிற்றில் கண்டு விவரித்தார். மனிதரில் முதல் நோயாளிகள் பதிவானது 1976இல்தான். 1982இல் எய்ட்ஸ் நோயாளிகளிடம் உயிரைக் குடிக்கும் வயிற்றுப்போக்கை இது உண்டாக்குவது தெரிந்தபோது, மருத்துவ உலகம் இதன் பெயரை எய்ட்ஸோடு சேர்த்தே மனத்தில் பதித்துக்கொண்டது. எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு வருவது, மற்றவர்களுக்குத் தானாக அடங்கிவிடும் என்ற எண்ணம் வேரூன்றியது. 1987இல் ஜார்ஜியா மாநிலத்தின் கரோல்டன் நகரில் வடிகட்டிய குடிநீர் வழியாகவே சுமார் 13,000 பேர் இதனால் நோயுற்றிருந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பாடம் சோதனைப் படிவங்களை எட்டியிருக்கவில்லை.

செலவும் நேரமும் மற்றொரு காரணம். ஒரு ஸ்லைடை, அதிகம் பெரிதாக்கிக் காட்டும் ஆயில் வில்லையில் பொறுமையாகப் பார்க்கத் தேர்ந்த ஒருவரின் பல நிமிடங்கள் வேண்டும். எல்லா மாதிரிக்கும் அதைச் செய்ய எந்த நிர்வாகமும் எளிதில் சம்மதிக்காது. ஆய்வகப் பணியாளர்களைக் குறை சொல்வது இங்கே நியாயமில்லை. படிவத்தில் இருந்ததை அவர்கள் செய்தார்கள்.

ஆனால் அறிக்கையின் வாசகத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ‘ஒட்டுண்ணிகள் இல்லை’ என்று எழுதுவதற்கும், ‘வழக்கமான முறையில் பார்த்ததில் ஒட்டுண்ணிகள் காணப்படவில்லை; இம்முறை கிரிப்டோஸ்போரிடியத்தைக் காட்டாது, தேவையெனில் தனியே கேட்கவும்’ என்று எழுதுவதற்கும் இடையில் மருத்துவரின் அடுத்த முடிவு கிடக்கிறது. முதல் வாசகம் கதவை மூடுகிறது. இரண்டாவது, ஒரு வரி கூடுதலானாலும், அவரை யோசிக்க வைக்கிறது.

கேட்டபின் கிடைத்தது

ஏப்ரல் 7க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. சோதனைக்குக் குவிந்த நூற்றுக்கணக்கான மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் ஊசிஸ்ட்கள் இருந்தன. சோதனையால் உறுதியான 285 பேரின் விவரங்களைத் தொகுத்தபோது, 93 விழுக்காட்டினருக்கு நீர்த்த வயிற்றுப்போக்கும், 84 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பிடிப்பும் இருந்தன. நோய் நீடித்த கால அளவின் இடைநிலை ஒன்பது நாள். பொதுவான வைரஸ் வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒன்பது நாள்தான் மருத்துவரை முன்பே விழிக்க வைத்திருக்க வேண்டிய குறி.

மூன்றில் இரண்டு பங்கு மாதிரிகளில் ஏன் இல்லை என்று கேட்கலாம். எல்லோருக்கும் இந்த நோயே என்பதில்லை. அதோடு, இந்தச் சோதனையின் நுண்ணுணர்வு, அதாவது இருப்பதைத் தவறாமல் காட்டும் திறன், நாம் எண்ணுவதைவிடக் குறைவு. ஊசிஸ்ட்களை எண்ணிக் கலந்து செய்த ஒரு ஆய்வு 1991இல் வெளிவந்திருந்தது. நீர்த்த மலத்தில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் ஊசிஸ்ட்கள் இருந்தால் தவறாமல் பிடிபட்டன. இறுகிய மலத்திலோ, ஒளிரும் ஆன்டிபாடி முறைக்கு ஐம்பதாயிரமும், ஆசிட் ஃபாஸ்ட் சாயத்துக்கு ஐந்து லட்சமும் தேவைப்பட்டன. நோய் தணியத் தொடங்கியபின் மாதிரி கொடுப்பவரின் மலத்தில் அவ்வளவு இராது. ஊசிஸ்ட்கள் வெளியேறுவதும் நாளுக்கு நாள் கூடிக் குறையும். அதனால்தான் வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகள் கேட்கிறோம். இத்தனைக்கும், நோயுண்டாக்கத் தேவையான எண்ணிக்கை மிகச் சிறியது: ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடத்தி 1995இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்குத் தொற்ற 132 ஊசிஸ்ட்களே போதுமாயின.

நோயாளியின் மாதிரி குற்றவாளியைக் காட்டியது. குடிநீரை அதோடு இணைக்க வேறு சான்றுகள் வேண்டியிருந்தன. அவை வந்த வழிகளில் இரண்டு என் மனத்தில் நிற்கின்றன. ஒன்று, முதியோர் இல்லங்கள். அங்கே தங்கியிருப்பவர்கள் வெளியே அதிகம் போவதில்லை. குடிக்கும் தண்ணீர் எது என்பது உறுதி. தெற்கு நிலையத்தின் நீரைப் பெற்ற இல்லங்களில் வயிற்றுப்போக்கு வந்தவர்களைச் சோதித்தபோது பாதிப் பேரிடம் ஊசிஸ்ட்கள் இருந்தன. வடக்கே சோதித்தவர்களிடம் இல்லை.

மற்றொன்று பனிக்கட்டி. ஆய்வாளர்கள் தேடத் தொடங்கியபோது, மார்ச்சில் ஓடிய தண்ணீர் எப்போதோ கடந்து போயிருந்தது. ஆனால் நகரின் தெற்கில் குழாய் நீரால் பனிக்கட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் மார்ச் 25, ஏப்ரல் 9 ஆகிய நாள்களில் உறைய வைத்த கட்டிகள் எஞ்சியிருந்தன. அவற்றை உருக்கி வடிகட்டிப் பார்த்தார்கள். இரண்டு வடிகட்டும் முறைகளில், மார்ச் 25 கட்டியில் 100 லிட்டருக்கு 13.2, 6.7 என்ற அளவில் ஊசிஸ்ட்கள் கிடைத்தன. ஏப்ரல் 9 கட்டியில் 2.6, 0.7. உறைந்து உருகும்போது பல உடைந்திருக்கும், ஆகவே உண்மை அளவு இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும். ஜெஃப்ரி டேவிஸ் உள்ளிட்ட விஸ்கான்சின் குழுவினர் 1994இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சிறிய எண்களுக்கு நான் தரும் மதிப்பு, 4,03,000 என்ற பெரிய எண்ணுக்குத் தரும் மதிப்பைவிடக் குறைந்ததல்ல.

நோயாளிகளுக்கு அப்போது கொடுக்க நம்பத்தக்க மருந்து எதுவும் இல்லை. நீரிழப்பைச் சரிசெய்வதுதான் சிகிச்சை. இந்த ஒட்டுண்ணிக்கு எதிரான நிடசாக்சனைடு என்ற மருந்து குழந்தைகளுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2002இல். பெரும்பாலோர் தாமாகத் தேறினார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் தேறவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தத் தொற்றோடு தொடர்புடையதாகக் கணக்கிடப்பட்ட 54 இறப்புகளில் 85 விழுக்காடு அவர்களுடையது. மருத்துவச் செலவும் வேலையிழப்பும் சேர்ந்து 9.62 கோடி டாலர் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டார்கள். சாயமேற்றிய ஒரு ஸ்லைடின் விலையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இன்றைய மேசை

இப்போது பல ஆய்வகங்களில் ஒரே குழலில் மலத்தை இட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி எல்லாவற்றின் மரபணுவையும் தேடும் பிசிஆர் (மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் முறை) தொகுப்புகள் இருக்கின்றன. 2014இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஃபிலிம்அரே தொகுப்பு 22 இலக்குகளைத் தேடுகிறது. கிரிப்டோஸ்போரிடியமும் சைக்ளோஸ்போராவும் அதில் உண்டு. மருத்துவர் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற தடை இதனால் பெருமளவு நீங்கியது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் பட்டியல் நீண்டிருக்கிறதே தவிர, பட்டியலாகவே இருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு அதில் இல்லை. சிஸ்டோஐசோஸ்போரா, மைக்ரோஸ்போரிடியா என்ற குடல் ஒட்டுண்ணிகளும் இல்லை. எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளியின் தொகுப்பு அறிக்கை முழுவதும் எதிர்மறையாக வந்தால், நுண்ணோக்கியைத் துணியால் மூடிவைக்கும் ஆய்வகம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பிசிஆர் செத்த கிருமியின் மரபணுவையும் காட்டும். மலத்தில் உள்ள பொருள்கள் வினையைத் தடுத்தால் இருப்பதையும் காட்டாது. வளர்த்தெடுத்த சால்மொனெல்லா கையில் இல்லாவிட்டால், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், வேறு ஊரில் வந்ததும் இதுவும் ஒன்றா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காது. அதனால் தொகுப்பில் பாக்டீரியா தென்பட்ட மாதிரியை உடனே வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும்.

மாதிரியைத் தூக்கி எறியாமல் வைப்பதைப் பற்றியும் மில்வாக்கி ஒன்று சொல்கிறது. 1993இல் மாட்டுத் தொழுவங்களின் கழிவு ஏரியில் கலந்திருக்கும் என்ற ஐயம் வலுவாக இருந்தது. வசந்தகால மழையும் பனி உருகலும் அதற்குப் பொருந்தி வந்தன. பரவலின்போது சேகரித்துப் பாதுகாத்த சில நோயாளிகளின் மாதிரிகளை 1997இலும் அதையடுத்தும் மரபணு முறையில் ஆராய்ந்தபோது, அவை மனிதரிடையே சுற்றும் வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. 2002இல் அந்த வகைக்கு கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ் என்று தனி இனப்பெயரே கொடுத்தார்கள். அதன் பிறகு சந்தேகம் மாட்டுத் தொழுவத்திலிருந்து மனிதக் கழிவுநீரை நோக்கித் திரும்பியது. ஃபார்மலினில் ஊறிய மாதிரிகளில் மரபணு சிதைந்துபோயிருக்கும். இந்த விடையைத் தந்தவை ஃபார்மலின் படாமல் வைத்த மாதிரிகள். பரவல் என்ற ஐயம் எழுந்த அன்றே, சாயத்துக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மீதியில் ஒரு பங்கை எதுவும் சேர்க்காமல் உறைபெட்டியில் வைக்கச் சொல்வது இதனால்தான்.